ஹார்மோன் சுரக்காத பிட்யூட்டரி கட்டி: நுண்ணோக்கி சொல்லும் ஜாதகம்

பிட்யூட்டரியில் கட்டி. ரத்தப் பரிசோதனையில் எந்த ஹார்மோனும் கூடுதலாக இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'செயல்படாத பிட்யூட்டரி அடினோமா' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சில நாள் கழித்து பயாப்சி ரிப்போர்ட் வருகிறது. அதில் 'கோனடோட்ரோஃப் கட்டி' என்றோ 'சைலன்ட் கார்டிகோட்ரோஃப் கட்டி' என்றோ இருக்கிறது. இணையத்தில் தேடிப் பார்த்தால், கோனடோட்ரோஃப் என்பது இனப்பெருக்கத்துக்கான ஹார்மோன்களைச் சுரக்கும் செல் என்கிறார்கள். கார்டிகோட்ரோஃப் என்பது அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனைச் சுரக்கும் செல்லாம். ஹார்மோனே இல்லை என்று சொன்ன கட்டிக்கு ஹார்மோன் செல்லின் பெயர் எப்படி வந்தது? யாரோ ஒருவர் தப்பாக எழுதிவிட்டாரோ என்று குழம்புவது இயல்புதான்.

யாரும் தப்பாக எழுதவில்லை. ரத்தப் பரிசோதனை கேட்ட கேள்வி ஒன்று, பயாப்சி கேட்ட கேள்வி வேறு. 'இந்தக் கட்டி உடலுக்குள் ஹார்மோனை அளவுக்கு மீறி அனுப்புகிறதா?' என்பது ரத்தத்திடம் கேட்டது. 'இந்தக் கட்டி எந்தச் செல்லிலிருந்து பிறந்தது?' என்பது திசுவிடம் கேட்டது. 'செயல்படாத' என்பது முதல் கேள்விக்குக் கிடைத்த பதில் மட்டுமே. அந்த ஒரே பெயருக்குக் கீழே பல வகைக் கட்டிகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் திசுப் பரிசோதனையின் வேலை.

முதலில் கொஞ்சம் அடிப்படை

பிட்யூட்டரி, மூளையின் அடிப்பக்கத்தில், மூக்குக்குப் பின்னால் உள்ள எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. எடை சுமார் அரை கிராம். அதன் முன்பகுதிதான் இங்கே முக்கியம். அங்கே ஐந்து வகைச் செல்கள் சேர்ந்து ஆறு ஹார்மோன்களைத் தயாரிக்கின்றன: வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச், அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச், அப்புறம் இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தூண்டும் எஃப்எஸ்எச், எல்எச். கடைசி இரண்டையும் ஒரே வகைச் செல்லே செய்கிறது. அதுதான் கோனடோட்ரோஃப்.

இந்தச் செல்களில் எது வேண்டுமானாலும் கட்டியாகலாம். வளர்ச்சி ஹார்மோன் செல் கட்டியாகி ஹார்மோனைக் கொட்டினால் கை, கால், தாடை பெருக்கும் அக்ரோமெகலி வரும். ஏசிடிஎச் செல் அப்படிச் செய்தால், அட்ரினலிலிருந்து கார்டிசால் மிகுந்து முகமும் உடலும் பெருக்கும் குஷிங் நோய் வரும். இவை தாங்களாகவே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஹார்மோனைக் கொட்டாத கட்டிக்கு அந்த அடையாளம் கிடையாது. அது சத்தமில்லாமல் வளர்ந்து, மேலே உள்ள பார்வை நரம்புகளின் சந்திப்பை அழுத்தும்போதுதான் தெரியவருகிறது. பக்கவாட்டுப் பார்வை குறையும், தலை வலிக்கும், நல்ல சுரப்பி நசுங்குவதால் சோர்வு வரும். அதனால்தான் இவற்றில் பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்படும்போதே 10 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கின்றன. வேறு எதற்கோ எடுத்த எம்ஆர்ஐயில் தற்செயலாகச் சிக்குபவையும் உண்டு. பிட்யூட்டரியில் சின்னக் கட்டி இருப்பது ஒன்றும் அபூர்வமில்லை. வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடற்கூராய்வில் பத்துப் பேரில் ஒருவருக்கும் மேல் இப்படிக் கட்டி இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் தராதவை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். செயல்படாத கட்டி உள்ளவர்களின் ரத்தத்தில் புரோலாக்டின் கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம். அதைக் கட்டி சுரக்கவில்லை. மூளையிலிருந்து டோபமைன் என்ற பொருள் பிட்யூட்டரியின் காம்பு வழியாக இறங்கிவந்து, புரோலாக்டின் செல்களை எப்போதும் அடக்கியே வைத்திருக்கும். கட்டி அந்தக் காம்பை அழுத்தினால் டோபமைன் வந்து சேராது. அடக்குமுறை தளர்ந்த நல்ல செல்கள் புரோலாக்டினை அதிகமாக விடுகின்றன. இந்த ஏற்றம் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமுக்குள் நின்றுவிடும். பெரிய கட்டி, ஆனால் புரோலாக்டின் ஏற்றம் மிதமானதுதான் என்றால் மருத்துவர்கள் காம்பைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். பிறகு திசுவை எடுத்துப் பார்க்கும்போது கட்டிச் செல்களில் புரோலாக்டினே இருக்காது. ரத்தம் சொல்வதையும் திசு சொல்வதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கட்டி ஏன் பேசாமல் இருக்கிறது?

ஹார்மோன் செல்லிலிருந்து பிறந்த கட்டி ஹார்மோனை வெளியே அனுப்பாமல் இருப்பது எப்படி? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகச் சுவையான பகுதி இதுதான். காரணம் எல்லாக் கட்டிக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

கோனடோட்ரோஃபை எடுத்துக்கொள்வோம். எஃப்எஸ்எச், எல்எச் இரண்டுமே இரண்டிரண்டு துண்டுகள் சேர்ந்து உருவாகும் ஹார்மோன்கள். ஆல்ஃபா துண்டு இரண்டுக்கும் பொது. பீட்டா துண்டுதான் எது எஃப்எஸ்எச், எது எல்எச் என்று தீர்மானிக்கிறது. கட்டிச் செல்கள் இந்தத் துண்டுகளை ஏறுக்குமாறாகத் தயாரிக்கின்றன. ஒன்று நிறைய, இன்னொன்று கொஞ்சம். தனித் துண்டு வெளியே போனாலும் ஹார்மோனாக வேலை செய்யாது. முழு எஃப்எஸ்எச் கொஞ்சம் கூடுதலாகவே வெளியேறினாலும் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எஃப்எஸ்எச் இயல்பாகவே உயர்ந்திருக்கும். அந்த உயர்வுக்குள் கட்டியின் பங்கு ஒளிந்துகொள்ளும். ஆண்களிலும் அந்த ஏற்றம் கண்ணில் படும்படியான அறிகுறி எதையும் பெரும்பாலும் தருவதில்லை.

கார்டிகோட்ரோஃபின் கதை வேறு. ஏசிடிஎச் நேரடியாகப் பிறப்பதில்லை. பிஓஎம்சி என்ற பெரிய புரதத்தைச் செல் முதலில் தயாரிக்கிறது. ஒரு நொதி அதை வெட்டிய பிறகுதான் ஏசிடிஎச் கிடைக்கிறது. சைலன்ட் கார்டிகோட்ரோஃப் கட்டிகள் பலவற்றில் அந்த வெட்டும் நொதி குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மூலப் புரதம் இருக்கிறது, ஆனால் சரியாக வெட்டப்படவில்லை. அதனால் வேலை செய்யும் ஹார்மோன் போதிய அளவு வெளியே வருவதில்லை. இந்த மௌனம் நிரந்தரம் என்றும் சொல்ல முடியாது. அபூர்வமாக, சில வருடங்கள் பேசாமல் இருந்த கட்டி மறுபடி வளரும்போது ஏசிடிஎச் சுரந்து குஷிங் நோயாக மாறிய நோயாளிகளும் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறார்கள்.

இன்னும் சில கட்டிகள் ஹார்மோனைச் சுரக்கவும் செய்கின்றன, ரத்தத்தில் அளவு கூடியும் தெரிகிறது. ஆனால் நோயாளியின் உடலில் அறிகுறி எதுவும் இல்லை. இவற்றையும் சைலன்ட் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் முழு மௌனத்திலிருந்து பிரித்து. ஆக, செயல்படாதது, செயல்படுவது என்று நடுவில் ஒரே கோடு போட முடியாது. முழு மௌனம், முணுமுணுப்பு, உரத்த பேச்சு என்று படிப்படியாகத்தான் போகிறது.

ஆய்வகத்துக்குள் என்ன நடக்கிறது?

கட்டியை இன்று பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள். கட்டி மென்மையானதாக இருப்பதால் முழு உருண்டையாக வராது. சுரண்டியும் உறிஞ்சியும் துண்டு துண்டாக வெளியேறும். ஒரு பகுதி உறிஞ்சுக் குழாயிலேயே போய்விடும். திசுவைப் பரிசோதிக்கும் மருத்துவரான பெத்தாலஜிஸ்ட்டின் கைக்கு வருவது சில சின்னத் துணுக்குகள்தான். அவற்றில் கட்டியும் இருக்கும், ஓரத்து நல்ல சுரப்பியும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

துணுக்குகளை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே தடிமனுள்ள சீவல்களாக வெட்டி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போடுகிறார்கள். ஹிமடாக்சிலின் செல்லின் உட்கருவை நீலமாக்கும். இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். இந்தச் சாதாரணச் சாயத்தை வைத்தே முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்: இது பிட்யூட்டரி செல்லிலிருந்து பிறந்த கட்டிதானா? அந்தக் குழிக்குள் வளரும் எல்லாமே பிட்யூட்டரி கட்டியாக இருக்க வேண்டும் என்றில்லை. கருவளர்ச்சியின் மிச்சச் செல்களிலிருந்து பிறக்கும் கிரேனியோஃபாரிஞ்ஜியோமா, மூளையுறையில் பிறக்கும் மெனிஞ்ஜியோமா, பின்பகுதியில் பிறக்கும் பிட்யூசைட்டோமா, வேறு உறுப்பிலிருந்து பரவி வந்த புற்றுநோய் என்று பல விருந்தாளிகள் அங்கே வரக்கூடும். இவை எதுவுமே பிட்யூட்டரி ஹார்மோன் சுரக்காது என்பதால், ரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்தால் எல்லாமே 'செயல்படாத கட்டி' போலத்தான் தோன்றும்.

அடுத்தது ரெட்டிகுலின் சாயம். நல்ல பிட்யூட்டரியில் செல்கள் சிறு சிறு கூட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கூட்டத்தையும் மெல்லிய நார் வலை சுற்றியிருக்கும். கூட்டத்துக்குள் பல வகைச் செல்கள் கலந்திருக்கும். ரெட்டிகுலின் சாயம் அந்த வலையைக் கறுப்பாகக் காட்டும். கட்டியில் வலை அறுந்து சிதைந்திருக்கும். உள்ளே ஒரே மாதிரிச் செல்கள் பரவிக் கிடக்கும். செல்கள் வெறுமனே பெருகியிருந்தால் வலை அறுவதில்லை, கூட்டங்கள் மட்டும் பெருத்திருக்கும். பழைய, மலிவான சாயம்தான், ஆனால் கட்டியா இல்லையா என்று தடுமாறும் இடத்தில் இன்றைக்கும் கைகொடுக்கிறது.

இதற்குப் பிறகுதான் இம்யூனோ எனப்படும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் திசுச் சீவலின் மேல் விடுகிறார்கள். அது ஒட்டிய இடத்தைப் பழுப்பு நிறமாக்கும் வேதிவினை ஒன்றை அடுத்து நடத்துகிறார்கள். பழுப்பு தெரிந்தால் புரதம் இருக்கிறது. ஆறு ஹார்மோன்களுக்கும் இப்படித் தனித்தனி ஆன்டிபாடி உண்டு. ஹார்மோன்களின் பழுப்பு, செல்லின் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் தெரியும். ஓரத்தில் ஒட்டிவந்த நல்ல சுரப்பி இங்கே ரொம்ப உதவும்: அதில் நிறம் பிடித்திருந்தால் சாயம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். அங்கேயும் நிறம் பிடிக்கவில்லை என்றால், கட்டியில் நிறம் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

ஹார்மோனைத் தேடுவது போதாமல் போனது ஏன்?

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிட்யூட்டரி கட்டிகளைச் சாயம் பிடிக்கும் விதத்தை வைத்தே பிரித்தார்கள். அமிலச் சாயத்தை ஏற்றால் அசிடோஃபில், காரச் சாயத்தை ஏற்றால் பேசோஃபில், எதையும் சரியாக ஏற்காவிட்டால் குரோமோஃபோப். அசிடோஃபில் என்றால் அக்ரோமெகலி, பேசோஃபில் என்றால் குஷிங், குரோமோஃபோப் என்றால் செயல்படாதது என்று ஒரு சுலபமான சூத்திரமும் இருந்தது. அது நிலைக்கவில்லை. குரோமோஃபோப் கட்டிகளில் பல புரோலாக்டினையும் வளர்ச்சி ஹார்மோனையும் சுரப்பதைப் பிறகு கண்டார்கள். 1970களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, செல்லுக்குள் இருக்கும் ஹார்மோன் துகள்களின் அளவையும் அடர்த்தியையும் காட்டியது. டொரன்டோவில் கல்மன் கோவாக்ஸும் ஈவா ஹோர்வத்தும் அதை வைத்து நுட்பமான வகைப்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். ஆனால் எல்லா மருத்துவமனையிலும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்துக்கொள்ள முடியுமா? அதன் இடத்தை மெல்ல மெல்ல இம்யூனோ பிடித்துக்கொண்டது.

ஹார்மோன் இம்யூனோவை மட்டும் வைத்து வகைப்படுத்தியபோது செயல்படாத கட்டிகளில் கணிசமானவை எந்த ஹார்மோனுக்கும் நிறம் காட்டவில்லை. அவற்றை 'நல் செல் கட்டி' என்ற ஒரே பெட்டியில் போட்டார்கள் (இந்த 'நல்', 'எதுவும் இல்லாத' என்று பொருள்படும் ஆங்கில null; 'நல்ல' இல்லை). அதாவது, எந்த வகை என்று சொல்ல முடியாத கட்டி. இந்தப் பெட்டி தேவைக்கு மேல் நிரம்பியது. இங்கேதான் அணுகுமுறை மாறியது. தறி ஓடவில்லை என்பதற்காக அந்த வீட்டில் நெசவாளர் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? செல் தன் ஹார்மோனைத் தயாரிக்காமல் இருக்கலாம், ஆனால் அது எந்தப் பரம்பரையில் வந்தது என்ற பதிவு அதன் உட்கருவில் இருக்கிறது.

அந்தப் பதிவுதான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்கள் இவை. பிட்யூட்டரி உருவாகும் காலத்தில் பொதுவான தாய்ச் செல்கள் மூன்று கிளைகளாகப் பிரிகின்றன. பிட்-1 என்ற புரதம் விழித்தால் அந்தக் கிளை வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், டிஎஸ்எச் செல்களாகும். டிபிட் விழித்தால் ஏசிடிஎச் செல். எஸ்எஃப்-1 விழித்தால் கோனடோட்ரோஃப். கட்டியான பிறகும் இந்தப் புரதம் பெரும்பாலும் செல்லை விட்டுப் போவதில்லை. அதற்கான ஆன்டிபாடியைப் போட்டால் பழுப்பு நிறம் உட்கருவுக்குள் தெரியும். ஹார்மோன் பழுப்பு வெளியே, பரம்பரைப் பழுப்பு உள்ளே. நுண்ணோக்கியில் முதல் தடவை பார்ப்பவர்கூட இந்த வித்தியாசத்தைச் சட்டென்று பிடித்துவிடலாம்.

2015இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று இதன் பலனைத் தெளிவாகக் காட்டியது. எந்த ஹார்மோனுக்கும் நிறம் காட்டாத நூற்றுச் சொச்சம் செயல்படாத கட்டிகளை எடுத்து இந்த மூன்று புரதங்களையும் தேடினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எஸ்எஃப்-1 கிளையைச் சேர்ந்தவை, நான்கில் ஒரு பங்கு டிபிட் கிளை. உண்மையிலேயே எதுவும் இல்லாதவை கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். 2017இல் உலக சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டை இந்தப் பரம்பரை அடிப்படைக்கு மாற்றியது. 2022 பதிப்பு அதை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

யார் யார் அந்தக் குடும்பத்தில்?

அறுவை சிகிச்சையில் வெளியே வரும் செயல்படாத கட்டிகளில் கோனடோட்ரோஃப்தான் பெரும்பான்மை; பல மருத்துவமனைகளின் தொகுப்புகளில் நான்கில் மூன்று பங்கை நெருங்குகிறது. நடுவயதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. நுண்ணோக்கியில் செல்கள் ரத்தக்குழாய்களைச் சுற்றி ஒழுங்காக அடுக்கி நிற்பதைப் பல கட்டிகளில் பார்க்கலாம். எஃப்எஸ்எச், எல்எச் நிறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். எஸ்எஃப்-1 உட்கருவில் பளிச்சென்று நிற்கும். பேசாத கட்டிகளில் இது ஓரளவு சாதுவான ரகம். அதற்காக மறுபடி வராது என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். மிச்சம் விட்டிருந்தால் மெதுவாக வளரலாம்.

மருத்துவர்கள் சைலன்ட் கார்டிகோட்ரோஃபைக் கொஞ்சம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டுதான் பார்ப்பார்கள். டிபிட் பாசிட்டிவ், ஏசிடிஎச் நிறம் நன்றாகவும் இருக்கலாம், மங்கலாகவும் இருக்கலாம், அறவே இல்லாமலும் போகலாம். இதில் இரண்டு வகை உண்டு. ஹார்மோன் துகள்கள் நெருக்கமாக நிறைந்து, சர்க்கரை சேர்ந்த புரதங்களில் பிடிக்கும் பிஏஎஸ் சாயத்தை நன்றாக ஏற்பது முதல் வகை. துகள்கள் அருகி, எல்லாமே மங்கலாக இருப்பது இரண்டாம் வகை. டிபிட் தேடும் பழக்கம் வரும் முன் இந்த இரண்டாம் வகைதான் நல் செல் பெட்டிக்குள் அதிகம் ஒளிந்திருந்தது. சைலன்ட் கார்டிகோட்ரோஃப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பக்கத்திலுள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்தநாளப் பகுதிக்குள் ஊடுருவும் பழக்கமும் அறுவைக்குப் பின் திரும்ப வரும் வாய்ப்பும் கோனடோட்ரோஃபைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்கேனில் கட்டிக்குள் பல நுண்ணிய நீர்க்குமிழிகள் தெரிந்தால் சில மருத்துவர்கள் அறுவைக்கு முன்பே இதைச் சந்தேகிப்பதுண்டு. ஆனாலும் திசு கைக்கு வந்து சேரும் வரை அது சந்தேகம்தான்.

பிட்-1 கிளையில் பேசாத கட்டிகள் குறைவு, ஆனால் கவனமாக இருக்க வேண்டியவை. துகள்கள் அருகிய வளர்ச்சி ஹார்மோன் கட்டி இளவயதுப் பெண்களிடம் பேசாமல் வளர்வதுண்டு. அதில் கெரட்டின் என்ற நார்ப் புரதத்துக்கான சாயம் போட்டால் உட்கருவுக்குப் பக்கத்தில் உருண்டையான ஒரு புள்ளி தெரியும். அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். இதே கிளையில், எந்தச் செல்லாகவும் முழுமையாக முதிராத ரகம் ஒன்று இருக்கிறது. முன்பு 'சைலன்ட் சப்டைப் 3' என்றார்கள், இப்போது 'முதிராத பிட்-1 பரம்பரைக் கட்டி' என்கிறார்கள். ஊடுருவும் குணம் உள்ளது, திரும்பவும் வரக்கூடியது.

கடைசியாக, நல் செல். மூன்று பரம்பரைப் புரதமும் இல்லை, ஹார்மோனும் இல்லை. ஆனால் சினாப்டோஃபைசின் போன்ற நியூரோஎண்டோகிரைன் அடையாளம், அதாவது நரம்புச் செல்லின் குணமும் ஹார்மோன் செல்லின் குணமும் சேர்ந்த செல்லின் அடையாளம், இருக்கிறது. இப்போது இது மிக அபூர்வமான பெயர். இந்தப் பெயரை எழுதும் முன் பெத்தாலஜிஸ்ட், இது வேறு உறுப்பிலிருந்து பரவிய நியூரோஎண்டோகிரைன் கட்டியோ, நரம்பு முடிச்சுகளை ஒட்டிப் பிறக்கும் பாராகேங்லியோமாவோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிஞ்சும் பெயர் இது.

எவ்வளவு வேகம்?

பரம்பரை தெரிந்த பிறகு, கட்டி எவ்வளவு சுறுசுறுப்பாகப் பெருகுகிறது என்று பார்க்கிறார்கள். கி-67 என்ற புரதம் பிரியத் தயாராகும் செல்களில் மட்டும் தெரியும். நூறு செல்களில் எத்தனையில் தெரிகிறது என்று எண்ணுவார்கள். 3 சதவீதத்தைத் தாண்டினால் கவனம். கூடவே, பிரிந்துகொண்டிருக்கும் செல்களையும் எண்ணுவார்கள். 2004 வகைப்பாட்டில் இவற்றையும் பி53 என்ற புரதத்தையும் வைத்து 'அட்டிப்பிக்கல் அடினோமா' என்று ஒரு வகை இருந்தது. எதிர்காலத்தை அது சரியாகக் கணிக்கவில்லை என்பதால் 2017இல் கழற்றிவிட்டார்கள். கி-67 எண் கட்டியின் ஒரே துணுக்குக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும், 2.8க்கும் 3.2க்கும் நடுவே தூக்கத்தைத் தொலைப்பதில் அர்த்தமில்லை.

2013இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜாக்லின் ட்ரூயாஸ் தலைமையிலான குழு, ஊடுருவலையும் பெருகும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை ஒன்றை முன்வைத்தது. இரண்டும் சேர்ந்திருக்கும் கட்டிகள் திரும்ப வரும் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவற்றைவிடப் பல மடங்கு அதிகம். ஊடுருவலைத் துணுக்குகளை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். அதை ஸ்கேனும் அறுவை மருத்துவரின் கண்ணும்தான் சொல்ல வேண்டும். எனவே பெத்தாலஜி ரிப்போர்ட்டைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு கட்டியின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. பரம்பரை, வேகம், ஸ்கேனில் மிச்சம் எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்துத்தான் அடுத்த எம்ஆர்ஐ எப்போது, கதிர்வீச்சு தேவையா என்பதெல்லாம் முடிவாகும்.

ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் ஒரு சொற்றொடர்

இப்போது வரும் ரிப்போர்ட்களில் 'அடினோமா' என்பதற்குப் பதிலாக 'பிட்யூட்டரி நியூரோஎண்டோகிரைன் டியூமர்', சுருக்கமாக 'பிட்நெட்', என்று இருக்கலாம். 2022 வகைப்பாடு கொண்டுவந்த மாற்றம் இது. குடலிலும் கணையத்திலும் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளின் வரிசையில் இதையும் சேர்ப்பது நோக்கம். கூடவே புற்றுநோய்ப் பதிவேடுகளில் பயன்படும் குறியீட்டின் கடைசி எண்ணும், தீங்கற்றதைக் குறிக்கும் 0இலிருந்து புற்றுநோயைக் குறிக்கும் 3ஆக மாறியது. பெயரைப் படித்துவிட்டு தனக்குப் புற்றுநோய் என்று ஒருவர் நினைத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. கட்டி மாறவில்லை, அதை வைக்கும் அலமாரிதான் மாறியிருக்கிறது. உடலின் வேறு இடத்துக்கோ, மூளை, தண்டுவடத்தில் தொலைவான இடத்துக்கோ பரவும் பிட்யூட்டரி கட்டிகள் 1 சதவீதத்துக்கும் குறைவு. இந்தப் பெயர் மாற்றத்தை எல்லோரும் ஏற்கவும் இல்லை. பிட்யூட்டரி சொசைட்டி போன்ற அமைப்புகளில் இருக்கும் நிபுணர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். 2021இல் வந்த மூளைக் கட்டி வகைப்பாடு இரண்டு பெயரையும் சேர்த்தே அச்சிட்டது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது, ஏனென்றால் பெரும்பாலானோர் அறுவைக்குப் பிறகு இயல்பாக வாழும் நோய்க்கு இந்தப் பெயர் தேவைக்கு மேல் கனக்கிறது.

பழைய ரிப்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 2017க்கு முன் 'நல் செல் அடினோமா' என்று மட்டும் எழுதி, டிபிட், எஸ்எஃப்-1, பிட்-1 எதையும் குறிப்பிடாத ரிப்போர்ட் என்றால், அந்தச் சோதனைகள் நடக்காமலே போயிருக்கலாம். கட்டி திரும்ப வளர்கிறது என்ற நிலையில் இது முக்கியமாகிறது. மெழுகில் பதித்த திசு அறை வெப்பத்திலேயே வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும், ஆய்வகங்களும் அதைப் பாதுகாத்து வைக்கின்றன. பிளாக் எனப்படும் அந்த மெழுகுத் துண்டிலிருந்து புதிதாகச் சீவல் எடுத்து மூன்று புரதங்களுக்கும் சாயம் போட முடியும். அதற்காக மறுபடி அறுவை வேண்டியதில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பிளாக் எந்த ஆய்வகத்தில் இருக்கிறது, அதன் எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.